மார்கழிப் பனியில் சைக்கிள்: எது கைகொடுத்தது, எது காசுக்குக் கேடு

நாலு மார்கழியாக ஸ்வெட்டர், ஜாக்கெட், லைட், குல்லா, கையுறை என்று சைக்கிளுக்காக வாங்கிக்கொண்டே இருக்கிறேன், கணக்குப் பார்த்தால் ஐயாயிரத்தை நெருங்கும். அதில் எது தேறியது, எது பீரோவிலேயே கிடக்கிறது என்று எழுதிவைத்தால் நம் பக்கத்தில் விடிவதற்கு முன் சைக்கிள் எடுக்கிற யாருக்காவது உதவும். அவசரமாகப் படிப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: 160 ரூபாய்க்கு வாங்கிய, வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஒரு ஜோடி கணுக்கால் பட்டை, 380 ரூபாய்க்கு வாங்கிய பின் லைட், இந்த இரண்டும்தான் முதலில் வாங்க வேண்டியவை. குளிருக்கான சாமான் எல்லாம் அதற்கு அப்புறம்.

என் ஊர் கபிஸ்தலத்துக்குப் பக்கம், வேலை தஞ்சாவூரில். பாபநாசம் ஸ்டேஷன் வரை ஏழு கிலோமீட்டர் சொச்சம் சைக்கிள், அங்கிருந்து ரயில். காலை ஐந்தே காலுக்குக் கிளம்ப வேண்டும். மார்கழி, தையில் சூரியன் எழவே ஆறரையை ஒட்டி ஆகிவிடுவதால் போகிற வழி முழுக்க இருட்டு, சாயங்காலம் திரும்பும்போதும் இருட்டு. ரோடு இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அளவுக்குத்தான் அகலம், ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வயல், ஊருக்குள் மட்டும் தெருவிளக்கு.

குளிர் என்று பார்த்தால் டெல்டாவில் 20 டிகிரியைச் சுற்றித்தான் இறங்குகிறது, ஊட்டிக்காரருக்கு இது குளிரே இல்லை. ஆனால் சைக்கிளில் மணிக்கு 15, 16 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், இலை அசையாத காலையிலும் அந்த வேகத்துக் காற்றை நேராக நெஞ்சில் வாங்குகிறான். கூடவே பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வது நம் வயல்காட்டு ரோட்டில் போனால்தான் முழுதாகப் புரியும். மழை விட்டு வானம் தெளிந்த இரவில் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிடுகிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது, சம்பா வயலில் நிற்கிற தண்ணீரின் ஈரமும் வாய்க்கால் ஈரமும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது, காற்றோட்டம் இல்லையென்றால் எல்லாம் மூட்டமாக அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. ஊருக்குள் லேசாகத் தெரிகிற பனி, வயலுக்கு நடுவில் வந்ததும் சுவர் மாதிரி நிற்பது இதனால்தான்.

மூன்று தைக்கு முன்னால் எங்கள் தெரு மாமா ஒருவர், பால் சொசைட்டிக்குக் கேன் கட்டிக்கொண்டு போகிறவர், இந்த மாதிரி ஒரு காலையில் பின்னாலிருந்து வந்த லோடு வேனில் அடிபட்டார். இடுப்பு எலும்பு. ஏழெட்டு மாதம் கட்டிலோடு கிடந்தார். அவர் சைக்கிளில் முன்னால் டார்ச் கட்டியிருந்தது, பின்னால் ஒன்றுமே இல்லை. வேன் ஓட்டிவந்த தம்பி, ‘பார்க்கவே இல்லைங்க, பக்கத்துல வந்தப்புறந்தான் தெரிஞ்சுது’ என்று அழுதார், அவர் சொன்னதை நான் நம்புகிறேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடுகிறது. பனியில் 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால் ஓட்டுகிறவருக்கு இரண்டு நொடிகூட இல்லை, அதில் பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோகவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அந்த வாரம்தான் நான் கடைக்குப் போனேன். அதுவரை என்னிடம் இருந்தது ஒரு ஸ்வெட்டரும் டைனமோவும்தான்.

முதலில் வாங்கியது ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற வலை ஜாக்கெட், கும்பகோணத்தில் ஹார்டுவேர் கடையில் 130 ரூபாய். பச்சை கலந்த மஞ்சள், நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டை. இதைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அந்தக் கண்ணைப் பறிக்கிற மஞ்சளுக்கு இருட்டில் வேலையே இல்லை. அது சூரிய வெளிச்சத்தில் இருக்கிற, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது, அதனால் விடிந்தும் விடியாத நேரத்திலும் பகல் மூட்டத்திலும் பிரமாதமாகத் தெரியும், ஐந்தரை மணி இருட்டில் சாதாரண வெளிர்துணிதான். இருட்டில் வேலை செய்வது வெள்ளிப் பட்டை மட்டும். அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் இருக்கின்றன, வண்டியின் ஹெட்லைட் ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புகின்றன, அதனால் ஓட்டுகிறவர் கண்ணுக்குப் பளிச்சென்று அடிக்கிறது, பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது.

ஜாக்கெட்டில் எனக்கு மூன்று குறை. ஒன்று, தோளில் பை மாட்டினால் முதுகுப் பட்டை முழுக்க மறைந்துவிடும். சாப்பாட்டுப் பையை முதுகில் போட்டுக்கொண்டு, மேலே ஜாக்கெட் இருக்கிற தைரியத்தில் ஒரு மார்கழி முழுக்கப் போயிருக்கிறேன். என் மகள்தான் ஒரு நாள் சாயங்காலம் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு, ‘அப்பா, பின்னாடி எதுவுமே தெரியல, பைதான் தெரியுது’ என்றாள். இப்போது பை கேரியரில். இரண்டு, கண்ணாடி மணி வெளியே தெரிகிற மாதிரி இருக்கிற துணிப்பட்டை நனைந்தால் ஒளியைத் திருப்பி அனுப்புவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பனியில் நாலு கிலோமீட்டர் போனால் பட்டை மேல் முத்து முத்தாக ஈரம் கோத்துக்கொள்கிறது, எந்த இடத்தில் பனி அதிகமோ அந்த இடத்தில் ஜாக்கெட் மங்கல். வழியில் ஒரு தடவை துண்டால் துடைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. மூன்று, துவைப்பது. வீட்டில் கல்லில் அடித்துத் துவைத்துவிட்டார்கள், இரண்டே மாதத்தில் பட்டை சாம்பல் நிறமாகி உரிய ஆரம்பித்தது. நல்ல ஜாக்கெட்டில் இ.என். ஐ.எஸ்.ஓ. 20471 என்று தர எண் போட்டு, எத்தனை தடவை துவைக்கலாம் என்றும் லேபிளில் எழுதியிருப்பார்கள். 130 ரூபாய் ஜாக்கெட்டில் அதெல்லாம் கிடையாது, ஈரத்துணியால் துடைத்து நிழலில் போட்டால் இரண்டு சீசன் வரும். இந்தக் குறைகளோடும் நான் அதை வாங்கச் சொல்கிறேன், விலைக்கு நியாயமான பொருள்.

காசுக்குக் கேடு என்று சொன்னது இதற்கு அடுத்து வாங்கியதை. ஆன்லைனில் 1,450 ரூபாய், உள்ளே பஞ்சு வைத்த ஜாக்கெட், குளிருக்கும் ஆச்சு வெளிச்சத்துக்கும் ஆச்சு என்று நினைத்தேன். கம்பெனி பேர் வேண்டாம். வீட்டு வாசலில் சுகமாக இருக்கும், இரண்டாவது கிலோமீட்டரில் கழுத்தில் வேர்வை, நாலாவதில் பனியன் ஒட்டிக்கொள்ளும், ஸ்டேஷனில் இறங்கி நின்றதும் அந்த வேர்வையே குளிராகிவிடும். எனக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்ட மாதத்தில்தான் சளி பிடித்தது. அதில் இருந்த பட்டையும் அரை விரல் அகலம், அழகுக்கு வைத்த மாதிரி. நம் ஊருக்கு, சைக்கிள் மிதிக்கிறவருக்கு, பஞ்சு வைத்தது எதுவுமே ஒத்துவராது. சும்மா உட்கார்ந்து பைக்கில் போகிறவருக்கு வேண்டுமானால் சரி.

இப்போது கணுக்கால் பட்டை. பேன்ட் செயினில் மாட்டாமல் இருக்கத்தான் முதலில் வாங்கினேன், ஒரு ஜோடி 160 ரூபாய், நாலு விரல் அகலம், ஒட்டிப் பிரிக்கிற மாதிரி. இரண்டு காலிலும் கட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் இருக்கும், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பால் வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவர் வந்து, ‘அண்ணே, தெனமும் எனக்கு முன்னாடி போறது நீங்கதானா? ஒங்க காலு ரெண்டும் மேலயும் கீழயும் போறத வச்சுத்தான் சைக்கிள்னு கண்டுபிடிக்கிறேன், பனிக்குள்ள வேற ஒண்ணுமே தெரியல’ என்றார். எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அத்தனை நாளும் அவர் வண்டி எனக்குப் பின்னால் வந்துகொண்டு இருந்திருக்கிறது, நான் கவனித்ததுகூட இல்லை.

அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் ஆராய்ச்சியாளர்கள் இதை இருட்டு ரோட்டில் வைத்தே சோதித்திருக்கிறார்கள்: நெஞ்சில் மட்டும் பட்டை போட்டவரைவிட முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியவரை ஓட்டுநர்கள் அதிக தூரத்திலேயே மனிதர் என்று கண்டுகொண்டார்கள். அசையாமல் மின்னுவது மைல்கல்லாக இருக்கலாம், பாலத்துக் கைப்பிடியில் ஒட்டிய ரிஃப்ளெக்டர் வில்லையாக இருக்கலாம். ஏறி இறங்கி ஏறி இறங்கி வருவது பெடல் மிதிக்கிற கால் தவிர வேறெதுவும் இல்லை, கண் அதை உடனே பிடித்துக்கொள்கிறது. தாழ்வாக இருப்பதில் இன்னொரு நன்மை, லோ பீம் போட்டு வருகிற வண்டியின் வெளிச்சம் முதலில் விழுவதே கணுக்கால் உயரத்தில்தான். பையும் மறைக்காது, சால்வையும் மறைக்காது. வேட்டி கட்டுகிறவர்கள் மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் காலிலேயே கட்டலாம், என் சித்தப்பா அப்படித்தான் கட்டுகிறார்.

ஆனால் பட்டை, ஜாக்கெட், வில்லை எல்லாமே அடுத்தவர் லைட்டை நம்பி இருப்பவை. நம் பக்கத்தில் ஒற்றை லைட்டோடு வருகிற டிராக்டரும் லைட்டே இல்லாமல் வருகிற டிரெய்லரும் உண்டு, லைட் இல்லாமல் ஓட்டிவருகிறவருக்கு நம் பட்டை மின்னவே மின்னாது. அதனால் பின்னால் சொந்தமாக ஒரு சிவப்பு லைட் கட்டாயம் வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நான் முதலில் வாங்கியது 150 ரூபாய் லைட், காயின் மாதிரி தட்டை பேட்டரி போடுவது, சி.ஆர். 2032 என்று சொல்வார்கள். வெளிச்சம் போதவில்லை, மாதத்துக்கு இரண்டு பேட்டரி. அடுத்தது சார்ஜ் போடுகிற வகை, வேறொரு கம்பெனி, சார்ஜர் குத்துகிற ஓட்டையை மூடுகிற ரப்பர் மூடி ஒரே சீசனில் தளர்ந்து பனித்தண்ணீர் உள்ளே போய்ச் செத்துவிட்டது. அட்டையில் ஐ.பி.எக்ஸ். 4 என்று போட்டிருந்தது. 4 என்றால் தெறிக்கிற தண்ணீருக்குத் தாங்கும், 6 என்றால் பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்குத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். அது மூடி இறுக்கமாக இருக்கிற வரைக்கும்தான். இப்போது இருப்பது ஐ.பி.எக்ஸ். 6, 380 ரூபாய், மூடி உள்ளே அழுந்தி உட்காருகிற மாதிரி, இரண்டு மார்கழி பார்த்துவிட்டது. செல்போன் சார்ஜரிலேயே போடலாம், எனக்கு நாலு நாளுக்கு ஒரு தடவை.

விட்டு விட்டு எரிய வைப்பதா, தொடர்ந்து எரிய வைப்பதா? மின்னுவது சட்டென்று கவனத்தை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருகிறவருக்குக் கணிக்கக் கஷ்டம். தொடர்ந்து எரிவதில் தூரம் புரியும். நான் இப்போது இரண்டு வைத்திருக்கிறேன், கேரியருக்கு அடியில் பெரியது தொடர்ந்து எரியும், பழைய 150 ரூபாய் லைட் சட்டைக் காலருக்குப் பின்னால் மின்னும். எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். கடையில் எல்லாரும் சீட் தண்டில்தான் மாட்டித் தருவார்கள், கேரியரில் ஒரு மூட்டையோ கேனோ வைத்தால் அவ்வளவுதான், முழுக்க மறைந்துவிடும். பாபநாசத்தில் நான் சைக்கிள் விடுகிற பட்டறைக்காரர் பழைய மட்கார்டு ஸ்டே கம்பியை வளைத்து, கேரியரின் கடைசி முனைக்குக் கீழே லைட் மாட்ட ஒரு கம்பிப் பட்டை செய்து கொடுத்தார், 40 ரூபாய் வாங்கினார். பொருளைவிட அந்தக் கம்பிப் பட்டை எனக்குப் பெரிய விஷயம். ஆன்லைனில் எவ்வளவு நல்ல லைட் வாங்கினாலும், நம் கம்பிக் கேரியர் வைத்த கனமான சைக்கிளுக்குப் பொருந்துகிற கிளாம்ப் அதில் வராது.

முன் லைட்டுக்கு வருவோம். எங்கள் அப்பா காலத்தில் லைட் இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று சொல்வார்கள், அதனால் டைனமோ இல்லாத சைக்கிளே குறைவு. டைனமோ எனக்குப் பிடிக்கும், சார்ஜ் கவலை கிடையாது. ஆனால் டயரில் உரசி ஓடுகிற டைனமோ பனியில் நனைந்த டயரில் வழுக்கும், ரயில்வே கேட்டில் நின்றால் லைட்டும் நின்றுவிடும், நாம் நிற்கும்போதுதான் பின்னால் வருகிறவன் நம்மைப் பார்க்க வேண்டும். இப்போது 850 ரூபாய்க்கு சார்ஜ் லைட் போட்டிருக்கிறேன். பனியில் இதைப் பெரிதாக வைத்தால் ஆபத்து, வெளிச்சம் பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வந்து எதிரில் வெள்ளைத் திரை கட்டிவிடும். கார்களில் பனி விளக்கைத் தாழ்வாக வைப்பது இதற்காகத்தான். நான் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து முன் ஃபோர்க்கில், சக்கர அச்சுக்குக் கொஞ்சம் மேலே மாட்டி, குறைந்த வெளிச்சத்தில் வைத்து, பத்து அடி முன்னால் விழுகிற மாதிரி சாய்த்திருக்கிறேன். குழியும் தெரிகிறது, எதிரே வருகிறவர் கண்ணிலும் அடிக்கவில்லை.

தையில் இந்த முன் லைட்டுக்கு இன்னொரு வேலை வந்துவிடுகிறது. சம்பா அறுப்பு தொடங்கினால் ரோட்டில் பாதி நெல். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள், களம் எல்லோருக்கும் கிடையாது, காயவைக்க வேறு இடமில்லை, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ராத்திரி அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் செங்கல்லும் முள்ளும் வைத்திருப்பார்கள், கறுப்புத் தார்ப்பாய் பனியில் சைக்கிளுக்கு அரை அடி முன்னால் வந்துதான் தெரியும். சிந்திக் கிடக்கிற நெல்மணி மேல் பிரேக் போட்டால் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். அதோடு பனி நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கவே நேரமாகும், அந்த மாதங்களில் நான் இறக்கம் வருவதற்கு முன்பே லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொண்டே போவேன். நெல் குவித்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், செங்கல்லில் ஒரு வில்லை ரிஃப்ளெக்டர் ஒட்டிவிடுங்கள், பத்து இருபது ரூபாய்தான்.

வில்லை, பட்டை பற்றி. லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற ரோல் பட்டை, லாரி சாமான் விற்கிற கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள், பின்னால் ஏ.ஐ.எஸ். 090 என்று தர எண் அச்சு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துணிப்பட்டை மாதிரி இல்லை இது, மேலே மூடிய வகை, நனைந்தாலும் அவ்வளவாக மங்காது, துண்டால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். சிவப்பு ஒரு மீட்டர் வாங்கிப் பின் மட்கார்டு முழுக்க ஒட்டினேன், வெள்ளை கொஞ்சம் முன் ஃபோர்க்கில். அந்தக் காலச் சைக்கிள்களில் பின் மட்கார்டின் அடியில் வெள்ளை பெயிண்ட் அடித்து அதன் நடுவில் சிவப்புக் கண்ணாடி வில்லை வைத்திருப்பார்கள், அது எவ்வளவு யோசித்துச் செய்தது என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. சைக்கிளோடு வருகிற ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணையை மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்தது, முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, சக்கரத்திலும் பெடலிலும் மஞ்சள் என்று பெரும்பாலும் இருக்கும். புதுச் சைக்கிள் வாங்கினதும் பிள்ளைகள் முதலில் பிடுங்கிப் போடுவது அவற்றைத்தான், தயவுசெய்து விடாதீர்கள். என் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் கிடைத்த சைக்கிளில் பெடல் வில்லை இரண்டும் உடைந்துபோயிருந்தது, அதன் இடத்தில் லாரிப் பட்டையை வெட்டி ஒட்டினேன், காலை டியூஷனுக்கு அவளோடு போகிற மூன்று பிள்ளைகள் சைக்கிளுக்கும் ஒட்டிக் கொடுத்தேன். மொத்தம் அரை மீட்டர்கூட ஆகவில்லை.

கடைசியாகக் குளிர். சைக்கிளில் முதல் ஒரு கிலோமீட்டர்தான் குளிர், அப்புறம் உடம்பே சூடாகிவிடும், நிறுத்த வேண்டியது காற்றை மட்டும். காட்டன் சட்டைக்கு மேல் காற்று புகாத மெல்லிய விண்ட்சீட்டர், 600 ரூபாய்க்கு வாங்கினது, கழுத்து ஜிப்பை இறக்கி ஏற்றிக்கொள்ளலாம், அது போதும் எனக்கு. அதுவும் இல்லையா, நேற்றைய பேப்பர் இரண்டு தாளை மடித்துச் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் மலையிலிருந்து இறங்குகிற பந்தய சைக்கிள்காரர்களே இதைச் செய்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் எடுத்துப் பையில் போட்டுவிடலாம், சாயங்காலத்துக்கும் அதே தாள். ரெயின்கோட்டை மட்டும் போடாதீர்கள், உள்ளே வேர்த்துக் கொட்டும். கம்பளி ஸ்வெட்டர் தப்பில்லை, ஆனால் காற்று உள்ளே புகும், பனியையும் குடித்துக்கொள்ளும், மேலே வலை ஜாக்கெட் போட்டாலும் காற்று நிற்காது.

காதுக்கு மங்கி குல்லா எல்லோரும் போடுகிறார்கள், எனக்கு அதில் ஒரு பயம். தடித்த கம்பளி காதை அடைத்தால் பின்னால் வருகிற வண்டிச் சத்தம் மட்டுப்படுகிறது, பனியில் கண் பாதி வேலை செய்யாதபோது காதுதான் துணை. பழைய காட்டன் துண்டை மடித்துக் காதை மூடிக் கட்டிக்கொள்வது போதும், சத்தமும் கேட்கும். மஃப்ளர் போடுகிறவர்கள் இரண்டு முனையையும் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள், தொங்கவிட்டால் போக்ஸ் கம்பியில் சிக்கும். கையுறை, ஹார்டுவேர் கடையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விற்கிற நூல் கையுறை, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்தது, ஜோடி 50 ரூபாய். பிரேக் பிடி வழுக்காது, ஈரமானால் கழற்றி வெயிலில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஈரமாக இருக்கும்போது இன்னொன்று. கண்ணாடி போடுகிறவர்கள் முன்விளிம்பு நீண்ட தொப்பி ஒன்று போட்டுக்கொண்டால் கண்ணாடியில் பனி படிவது பாதியாகக் குறையும், அது என் அனுபவம்.

கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது என்றால் கணுக்கால் பட்டை, ஒரு மீட்டர் சிவப்பு லாரிப் பட்டை, பேட்டரி போடுகிற சின்னப் பின் லைட் ஒன்று, நெஞ்சுக்குப் பேப்பர். அதைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். அடுத்த மாதச் சம்பளத்தில் நல்ல பின் லைட். விண்ட்சீட்டரும் முன் லைட்டும் அதற்கப்புறம்.

என் பட்டையில் ஒட்டுகிற பக்கம் லேசாகத் தளர்ந்துவிட்டது, இரண்டு வருடம் உழைத்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போகும்போது இரண்டு ஜோடி வாங்க வேண்டும். ஒன்று எனக்கு. இன்னொன்று பால்கார மாமாவுக்கு, போன வாரத்திலிருந்து அவர் மறுபடி கேன் கட்ட ஆரம்பித்திருக்கிறார், பின் லைட்டுக்கான கம்பிப் பட்டையை நேற்றே பட்டறைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.